ஆட்டோ கிளிக்கரைத் தடுக்க டாக்பேக்கை அணைக்கச் சொல்லலாமா?

உங்கள் நிலவரத்தை நான் புரிந்துகொண்டது இப்படி. ரீசார்ஜ் செய்யவும் கரன்ட் பில் கட்டவும் ஒரு வாலட் ஆப் வைத்திருக்கிறீர்கள், ஆண்ட்ராய்டில் மட்டும். தினமும் ஒரு பட்டனைத் தட்டினால் காயின் கிடைக்கும். அதைச் சிலர் ஆட்டோ கிளிக்கர், அதாவது திரையில் தானாகத் தட்டும் ஆப் போட்டு அள்ளுகிறார்கள். இதற்கு நடுவில் ஒரு வாடிக்கையாளரின் போனில் வேறு ஏதோ ஓர் ஆப் புகுந்து, அவர் கை வைக்காமலேயே உங்கள் ஆப்பிலிருந்து பணத்தை அனுப்பிவிட்டது. இரண்டுக்கும் சேர்த்து மேலிடம் ஒரு வழி சொல்லியிருக்கிறது: போனில் எந்த ஆக்சஸிபிலிட்டி சர்வீஸ் ஓடினாலும் நம் ஆப் திறக்கவே கூடாது. இது சரியா என்று கேட்கிறீர்கள்.

சரியில்லை. திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கும் அப்படி ஒரு சர்வீஸ்தான், அதனால் இந்தத் தடை பார்வையற்ற வாடிக்கையாளர்கள் அத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிடும். அதைச் செய்தும் திருட்டு முழுதாக நிற்காது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மேலிடத்தில் பேசும்போது உங்களுக்குத் தேவைப்படும்.

முதலில் இரண்டு தொல்லையையும் பிரித்து வையுங்கள். காயின் அள்ளுபவர் அந்தப் போனின் சொந்தக்காரர், தெரிந்தேதான் ஆட்டோ கிளிக்கரைப் போட்டிருக்கிறார். பணத்தை இழந்தவரின் போனிலும் ஒரு நிரல்தான் தட்டியது, ஆனால் அது அவருக்குத் தெரியாது. அங்கே கம்பெனி பணம் போகிறது, இங்கே வாடிக்கையாளரின் பணம் போகிறது. இரண்டாவதுதான் அவசரம், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆண்ட்ராய்டில் ஓர் ஆப் இன்னொரு ஆப்பின் திரையைப் பார்க்கவோ தொடவோ முடியாது என்பது அடிப்படை விதி. இந்த விதிக்கு நியாயமான காரணத்தோடு கொடுக்கப்பட்ட விலக்குதான் ஆக்சஸிபிலிட்டி சர்வீஸ். கண் தெரியாதவருக்கு டாக்பேக் திரையை வாசித்துச் சொல்ல வேண்டும். கை அசையாதவர் வெளியே மாட்டிய ஒரு சுவிட்சால் பட்டனை அழுத்த வேண்டும். அதற்காக அந்த சர்வீஸுக்குத் திரையில் இருக்கும் எழுத்து, பெட்டி, பட்டன் எல்லாவற்றையும் படிக்கவும் அழுத்தவும் உரிமை உண்டு. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7இலிருந்து, திரையில் எந்த இடத்திலும் தட்டுவது, இழுப்பது போன்ற சைகைகளையும் அது அனுப்பலாம். ரூட் செய்யாத, அதாவது சிஸ்டத்தின் பூட்டை உடைக்காத போனிலும் ஆட்டோ கிளிக்கர்கள் வேலை செய்வது இந்த வசதியால்தான்.

இதைத் திருடன் எப்படிப் பயன்படுத்துகிறான் என்று பாருங்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான், வருமான வரி ரீஃபண்ட் என்று ஏதோ ஒரு பெயரில் வாட்ஸ்அப்பில் ஓர் ஏபிகே ஃபைல் (ஸ்டோர் இல்லாமலே ஆப்பை நிறுவும் ஃபைல்) வருகிறது. நிறுவியதும் ஒரே ஒரு பக்கம்தான் திறக்கும்: 'தொடர்வதற்கு செட்டிங்ஸில் இந்தச் சேவையை ஆன் செய்யவும்.' அவர் அதை ஆன் செய்கிறார். மனிதக் கை செய்யும் கடைசி வேலை அதுதான். அடுத்து 'எஸ்எம்எஸ் படிக்க அனுமதிக்கலாமா' என்று ஆண்ட்ராய்டு கேட்கும். அந்த டயலாகில் 'அனுமதி' என்று எழுதிய பட்டன் எது என்று மால்வேர் (அந்தத் திருட்டு ஆப்) தானே தேடி அழுத்திவிடும். நோட்டிஃபிகேஷன் படிக்க, மற்ற ஆப்களின் மேல் தோன்ற, பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து விலக என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் அதுவே 'சரி' சொல்லிக்கொள்ளும். சந்தேகம் வந்து அவர் அந்த ஆப்பை நீக்கப் போனால், செட்டிங்ஸில் அந்தப் பக்கம் வந்த உடனே பேக் பட்டனை அழுத்தி வெளியே தள்ளிவிடும். நீங்கள் தனித்தனியாகக் கேட்ட தானியங்கிக் கிளிக்கும் அனுமதி மோசடியும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. கிளிக் செய்யும் உரிமை கிடைத்துவிட்டால் மற்ற அனுமதிகளை அதுவே கிளிக் செய்து எடுத்துக்கொள்கிறது.

இது நம் ஊரில் புதிதல்ல. டிரினிக் என்ற மால்வேர், வருமான வரித் துறையின் பெயரில் வந்து 27க்கும் மேற்பட்ட வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைக்கிறது என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2021 செப்டம்பரில் எச்சரித்தது. அதற்கு அடுத்த ஆண்டு பிடிபட்ட அதன் புதிய வடிவம் ஆக்சஸிபிலிட்டி அனுமதியைக் கேட்டு வாங்கி, திரையைப் பதிவு செய்து, தட்டச்சு செய்வதையும் படித்தது. 2021 இறுதியில் ஐரோப்பாவில் தென்பட்ட ஷார்க்பாட் இன்னும் ஒரு படி மேலே போனது. வங்கி ஆப்பைத் திறந்து, பெறுபவர் விவரத்தையும் தொகையையும் தானே நிரப்பி, தானே அனுப்பியது. வங்கியின் சர்வர் பக்கமிருந்து பார்த்தால் அது வாடிக்கையாளரின் அதே போன், அதே சிம், அதே ஐபி முகவரி. 'புது சாதனம்' என்று எந்த மணியும் அடிக்காது. டிவைஸ் ஃபிங்கர்பிரின்ட் (போனை அடையாளம் காணும் முறை) வைத்திருக்கிறோம், அது போதும் என்று உங்கள் அணியில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது பலரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்று. ஆக்சஸிபிலிட்டி வழியாக ஒரு பட்டனை அழுத்தும்போது விரல் தொட்டதற்கான நிகழ்வு எதுவும் வராமலேயே கிளிக் வரலாம். சர்வீஸ் அந்தப் பட்டனைப் பெயர் சொல்லிப் பிடித்து 'கிளிக் செய்' என்று ஆணையிடும். உடனே கிளிக்குக்கான உங்கள் நிரல் (ஆன்கிளிக்) ஓடும், தொடுதலுக்கானது (ஆன்டச்) ஓடாது. 'தொடுதல் இல்லாமல் வந்த கிளிக்கை நிராகரித்தால் போதுமே' என்று தோன்றும். செய்யாதீர்கள். டாக்பேக் பயன்படுத்துபவர் பட்டனுக்கு வந்து இருமுறை தட்டும்போதும் கிளிக் இதே பாதையில்தான் வருகிறது. மால்வேரின் கிளிக்கும் பார்வையற்றவரின் கிளிக்கும் உங்கள் ஆப்புக்குள் ஒரே மாதிரிதான் தெரியும். கிளிக்கின் வடிவத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது, பிரிக்கும் வேலையை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மேற்கொண்டு போவதற்குள் இது மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

சட்டப் பக்கத்தையும் மேலிடத்துக்குச் சொல்லிவிடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. பார்வையற்றவர்களும் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பைச் செய்ய முடியாமல் தவித்த வழக்கு அது. கண் சிமிட்டச் சொல்லும் ஒரு திரை எத்தனை பேரைத் தடுக்கிறது என்பதை நீதிமன்றம் வரை போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. டாக்பேக்கை அணைத்துவிட்டு வா என்று கேட்கும் வாலட் ஆப் இதே வரிசையில்தான் சேரும். பார்வையற்ற ஒருவர் தன் கரன்ட் பில்லைத் தானே கட்டுவது சின்ன விஷயமில்லை. அதற்கு அடுத்தவரிடம் போனையும் பின்னையும் கொடுக்க வைத்தால், இல்லாத ஆபத்தை நாமே உருவாக்குகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? ஆக்சஸிபிலிட்டி சர்வீஸ்களின் பட்டியலை எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. பார்த்துவிட்டு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆக்சஸிபிலிட்டி மேனேஜரிடம் கேட்டால் ஆனில் இருக்கும் சர்வீஸ்கள் வரும். ஒவ்வொன்றும் போனோடு வந்ததா, எந்த ஸ்டோரிலிருந்து நிறுவப்பட்டது, தன்னை மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி என்று அறிவித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கடைசி அறிவிப்பு ஆண்ட்ராய்டு 12இல் வந்தது. ஆனால் அதை ஆப்பே தன் ஃபைலில் எழுதிக்கொள்கிறது. பிளே ஸ்டோரில் பொய்யாக எழுதினால் கூகுளின் பரிசீலனையில் மாட்டும், வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே-வை யார் பரிசீலிப்பார்கள்? அதே நேரம், 'பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வந்தது எல்லாம் திருட்டு' என்றும் எழுதிவிடாதீர்கள். ஜீஷுவோ போன்ற ஸ்கிரீன் ரீடர்களை வெளியிலிருந்து நிறுவிப் பயன்படுத்தும் பார்வையற்றவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். பேக்கேஜ் பெயர் (ஆப்பின் உள் அடையாளப் பெயர்) வைத்து ஒரு அனுமதிப் பட்டியல் போடுவதும் இதே காரணத்தால் சீக்கிரம் உடைந்துவிடும். சாம்சங் போனில் டாக்பேக்கின் பேக்கேஜ் பெயரே வேறு.

ஆகவே இந்தத் தகவல் எல்லாம் சர்வருக்கு ஒரு சமிக்ஞையாகப் போகட்டும். ஆப் எதையும் மூட வேண்டாம். தீர்ப்பைச் சர்வர் சொல்லட்டும். சந்தேகமான சர்வீஸ் ஒன்று ஓடுகிறது, பெறுபவர் இன்றுதான் சேர்க்கப்பட்டவர், தொகை வாலட்டில் இருப்பதில் முக்கால்வாசி: மூன்றும் சேர்ந்தால் சில மணி நேரம் நிறுத்தி வைத்து, வாடிக்கையாளரை வேறு வழியில் கேளுங்கள். அதே சர்வீஸ் ஓடும் போனில் மாதாமாதம் கட்டும் அதே மின் இணைப்புக்கு அதே மாதிரித் தொகை போகிறது என்றால் விட்டுவிடுங்கள். திருடனுக்கு உங்கள் வாடிக்கையாளரின் கரன்ட் பில்லைக் கட்டுவதில் லாபம் இல்லை.

ஆப்பும் போனும் உண்மையானவையா என்று சர்வருக்குச் சொல்லும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சேவையிலும் இதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. திரையைப் பதிவு செய்யக்கூடிய, மேலே படரக்கூடிய, போனைக் கட்டுப்படுத்தக்கூடிய ஆப் ஏதாவது இப்போது ஓடுகிறதா என்று அது சொல்லும். பிளேயின் கூடுதல் பரிசீலனையைத் தாண்டிய உண்மையான ஆக்சஸிபிலிட்டி ஆப்களை அந்தக் கணக்கில் சேர்க்காது. நீங்களே பட்டியல் போடுவதைவிட இது மேல். டெவலப்பர் கன்சோலில் தனியாக ஆன் செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

ஆண்ட்ராய்டு 14 இன்னொரு நல்ல கருவியைக் கொடுத்திருக்கிறது. ஒரு பட்டனையோ பெட்டியையோ 'ஆக்சஸிபிலிட்டி டேட்டா சென்சிடிவ்' என்று குறித்துவிட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி என்று அறிவித்துக்கொண்ட சர்வீஸ்களுக்கு மட்டும்தான் அது தெரியும். பட்டனைத் தேடிப் பிடித்து அழுத்தும் சாதாரண மால்வேருக்கு அந்த இடம் காலி. ஒரே ஒரு வரி வேலை, டாக்பேக் பாதிக்கப்படாது. பணம் அனுப்பும் பட்டன், பின் பெட்டி, இருப்புத் தொகை மூன்றுக்கும் இன்றைக்கே போடுங்கள். பொய்யாக அறிவித்துக்கொள்ளும் மால்வேர் இதைத் தாண்டும், பழைய ஆண்ட்ராய்டில் இது வேலை செய்யாது. அதனால் இதோடு நிற்கக் கூடாது.

நான் முழு நம்பிக்கை வைப்பது இனி வரும் விஷயத்தில்தான். மால்வேரால் பட்டனை அழுத்த முடியும், எழுத்தை நிரப்ப முடியும், எஸ்எம்எஸில் வந்த ஓடிபியை எடுத்துப் போடவும் முடியும். விரல் ரேகை சென்சாரில் விரலை வைக்க அதனால் முடியாது. ஆகவே பணம் வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் அந்த விரல் தேவைப்படும்படி கட்டுங்கள். பயோமெட்ரிக் டயலாகைக் காட்டி 'வெற்றி' என்று வந்ததும் அடுத்த பக்கத்துக்குப் போவது போதாது, அது ஆப்புக்குள் நடக்கும் வெறும் ஆமாம்–இல்லை. வாடிக்கையாளர் பதிவு செய்யும்போதே ஆண்ட்ராய்டு கீஸ்டோரில் (போனுக்குள் இருக்கும் சாவிப் பெட்டகத்தில்) ஒரு சாவி ஜோடியை உருவாக்கி, பொதுச்சாவியைச் சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள். தனிச்சாவியை ஒவ்வொரு முறை பயன்படுத்தவும் பயோமெட்ரிக் வேண்டும் என்று அமையுங்கள். பணம் அனுப்பும்போது சர்வர் ஒரு சவாலை அனுப்பும்: யாருக்கு, எவ்வளவு, எப்போது, ஒரு முறை மட்டும் செல்லும் ஓர் எண். விரல் வைத்தால்தான் அந்தச் சாவி திறந்து அதில் கையெழுத்துப் போடும். சர்வர் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே பணம் நகரும். யார் எத்தனை தடவை தட்டினாலும் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாயும் போகாது.

இதில் இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஒன்று, விரலுக்கு மாற்றாகப் போனின் திரைப்பூட்டு பின்னை ஏற்பது. மால்வேர் அந்தப் பின்னை முன்பே பார்த்து வைத்திருக்கலாம், அதனால் பெரிய தொகைக்கும் புதுப் பெறுபவருக்கும் அந்த மாற்று வழி வேண்டாம். புது விரல் ரேகை சேர்க்கப்பட்டால் சாவி செல்லாமல் போகும்படியும் வையுங்கள். இரண்டு, ஏமாற்றி விரல் வைக்க வைப்பது. 'போன் அப்டேட்டை உறுதிசெய்ய விரல் வையுங்கள்' என்று மேலே ஒரு திரையைக் காட்டி, அடியில் பணமாற்றத்துக்கு விரலை வாங்கப் பார்ப்பார்கள். பயோமெட்ரிக் டயலாகை ஆண்ட்ராய்டே வரைகிறது, அதன் தலைப்பில் தொகையையும் பெறுபவர் பெயரையும் நீங்கள் எழுதலாம். 'உறுதிசெய்க' என்று மொட்டையாக எழுதாமல் 'இன்னாருக்கு ₹18,000 அனுப்ப' என்று எழுதுங்கள். டாக்பேக்கும் அதை வாசிக்கும். விரல் ரேகை தேய்ந்துபோன கூலித் தொழிலாளர்கள், சென்சார் இல்லாத மலிவுப் போன் வைத்திருப்பவர்கள் உங்கள் வாடிக்கையாளர்களில் இருப்பார்கள். அவர்களுக்குக் குறைந்த வரம்பும், புதுப் பெறுபவருக்குக் காத்திருப்பு நேரமும் வைத்தால் சேவையை மறுக்காமலே காக்கலாம். யுபிஐ பின் போடும் பக்கம், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ தரும் லைப்ரரியுடையது, அது உங்கள் பொறுப்பில் இல்லை. வாலட்டிலிருந்து நேராகப் போகும் பணத்துக்கு இத்தனையும் உங்கள் பொறுப்பு.

மேலே திரை என்றதால் ஓவர்லே, அதாவது மற்ற ஆப்பின் மேல் படரும் திரை, அந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் ஜார்ஜியா டெக்கும் சான்டா பார்பரா கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 'கிளோக் அண்ட் டாகர்' என்ற ஆய்வை வெளியிட்டன. மேலே படரும் அனுமதி, ஆக்சஸிபிலிட்டி அனுமதி இந்த இரண்டையும் சேர்த்தால் போனையே முழுதாகக் கைப்பற்றலாம் என்று காட்டினார்கள். அன்றைக்கு பிளே ஸ்டோரிலிருந்து நிறுவும் ஆப்புக்கு மேலே படரும் அனுமதி கேட்காமலே கிடைத்தது. அதை வைத்து ஒரு பொய்த் திரையை விரித்து, அடியில் இருந்த ஆக்சஸிபிலிட்டி சுவிட்சை அவரையே தட்ட வைத்தார்கள். அதன் பிறகு ஆண்ட்ராய்டு நிறைய மாறிவிட்டது. ஆண்ட்ராய்டு 12இலிருந்து, நம்பகமற்ற ஓவர்லேயை ஊடுருவி அடியில் இருக்கும் ஆப்புக்குத் தொடுதல் போவதைச் சிஸ்டமே தடுக்கிறது. 'ஹைட் ஓவர்லே விண்டோஸ்' என்ற அனுமதியை மேனிஃபெஸ்ட்டில் (ஆப்பின் அறிவிப்பு ஃபைலில்) போட்டு, உங்கள் பணப் பக்கத்தின் நிரலிலும் அதை ஆன் செய்தால், அந்தப் பக்கம் திறந்திருக்கும்வரை மற்ற ஆப்களின் ஓவர்லேகள் மறைந்துவிடும். பழைய போன்களுக்கு 'ஃபில்டர் டச்சஸ் வென் அப்ஸ்க்யூர்ட்' இருக்கிறது, ஆண்ட்ராய்டு 2.3 காலத்திலிருந்தே உண்டு. அதில் ஒரு சிக்கல்: மேலே ஏதாவது இருந்தால் தொடுதலைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். கண் வலிக்காக ராத்திரி திரையை மஞ்சளாக்கும் ஆப் போட்டிருப்பவருக்குப் பட்டன் செத்துப்போனது போலத் தெரியும். அந்தத் தொடுதலை நீங்களே பிடித்து, 'திரையின் மேல் வேறு ஆப் ஒன்று இருக்கிறது, அதை மூடிவிட்டுத் தொடருங்கள்' என்று தமிழில் சொல்லுங்கள். ஆப் முழுக்க வேண்டாம், பணம் போகும் பக்கத்தில் மட்டும் போதும்.

திரையைப் படமெடுக்க விடாத ஃபிளாக் செக்யூர் போட்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். நல்லதுதான், எடுத்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட், திரைப் பதிவு, எனிடெஸ்க் போன்ற திரைப் பகிர்வு இவற்றில் உங்கள் பக்கம் கறுப்பாகத்தான் வரும். எனிடெஸ்க் வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. ஆனால் ஆக்சஸிபிலிட்டி சர்வீஸ் திரையைப் படமாகப் பார்க்க வேண்டியதில்லை, எழுத்தாகவே படித்துவிடும். ஃபிளாக் செக்யூர் அதை மறைக்காது.

ஆண்ட்ராய்டு 13இல் வந்த தடை, அதாவது வெளியிலிருந்து நிறுவிய ஆப்புக்கு ஆக்சஸிபிலிட்டியை நேரடியாக ஆன் செய்ய விடாத தடை, நல்ல முயற்சி. ஆனால் ஸ்டோர்கள் நிறுவும் அதே முறையைப் பின்பற்றி மால்வேரை இறக்கும் டிராப்பர்கள் 2023க்குள் வந்துவிட்டன. அதை நம்பி எதையும் கட்ட வேண்டாம்.

இப்போது காயின். இங்கே போனுக்குள் சண்டை போடுவது வீண். தொடும் இடம் ஒரே புள்ளியாக இருக்கிறதா, இடைவெளி ஒரே அளவா என்று பார்த்துப் பிடிக்கலாம் என்பார்கள். இடத்தையும் நேரத்தையும் கொஞ்சம் கலைத்துவிடும் வசதி இலவச ஆட்டோ கிளிக்கர்களிலேயே இருக்கிறது. 2020இல் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்த டெக்யா மால்வேர், ஆண்ட்ராய்டில் தொடுதலைக் குறிக்கும் மோஷன் ஈவென்ட்டையே உருவாக்கி மனிதத் தொடுதல் போல விளம்பரங்களைக் கிளிக் செய்தது. பிளே ஸ்டோரில் 56 ஆப்களில் அது ஒளிந்திருந்தது, அதில் 24 குழந்தைகளுக்கானவை. அவ்வளவு பெரிய விளம்பர நெட்வொர்க்குகளையே கிளிக்கின் வடிவத்தால் ஏமாற்றியிருக்கிறார்கள். உங்கள் காயின் பட்டன் தாங்காது.

தட்கல் டிக்கெட்டில் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள், நம் எல்லாருக்கும் தெரிந்த வலி அது. முன்பதிவு திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் வரும் லாகின் முயற்சிகளில் 50 சதவீதம் வரை பாட், அதாவது ஆளுக்குப் பதில் நிரலே செய்வது என்று ரயில்வே சொன்னது. பாட் தடுப்புக் கருவிகளைப் போட்டார்கள், 2.5 கோடிக்கும் மேற்பட்ட பயனர் ஐடிகளை முடக்கினார்கள். அதோடு நிற்காமல் 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குக்குத்தான் ஆன்லைன் தட்கல் என்றார்கள், முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளுக்கு இல்லை என்றார்கள். கிளிக் எவ்வளவு வேகம் என்று மட்டும் பார்க்காமல், கிளிக் செய்வதால் கிடைக்கும் லாபத்தைக் குறைத்தார்கள்.

உங்கள் காயினுக்கு ஆதார் தேவையே இல்லை, தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். தட்டினால் காயின் என்பதை எடுத்துவிட்டு, நடந்து முடிந்த ரீசார்ஜுக்கும் பில்லுக்கும் காயின் கொடுங்கள். ஆட்டோ கிளிக்கருக்கு அங்கே வேலையே இருக்காது. மார்க்கெட்டிங் பிரிவு தினசரித் தட்டலை விடாது என்றால், ஒரு கணக்குக்கு ஒரு நாளில் ஒன்று என்ற எண்ணிக்கையைச் சர்வரில் வையுங்கள். போனின் கடிகாரத்தை நம்பாதீர்கள். காயின் கோரிக்கையோடு பிளே இன்டெக்ரிட்டி டோக்கனும் வரட்டும், அந்தக் கோரிக்கையின் ஹேஷ் (அதிலிருந்து கணக்கிட்ட சுருக்க அடையாளம்) டோக்கனுக்குள் இருக்கட்டும், ஒரு டோக்கனை இன்னொரு கோரிக்கைக்குப் பயன்படுத்த முடியாது. எமுலேட்டரில் (கணினிக்குள் ஓடும் போலி போனில்) ஓட்டுபவர்கள் இதில் பெரும்பாலும் நின்றுவிடுவார்கள். ஒரு நாளைக்கு 10,000 கோரிக்கைதான் தொடக்க வரம்பு, கூட வேண்டும் என்றால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அலமாரி நிறைய உண்மையான போன்களை அடுக்கி ஓட்டுபவர்கள் இன்டெக்ரிட்டியைத் தாண்டிவிடுவார்கள். அவர்களைக் காயினைப் பணமாக்கும் இடத்தில் பிடியுங்கள்: நூறு கணக்கிலிருந்து ஒரே எண்ணுக்கு ரீசார்ஜ் போகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அனுமதி மோசடி என்றால் வெளி ஆப்பை மட்டும் பார்க்கிறோம். நம் ஆப் எத்தனை அனுமதி வாங்கி வைத்திருக்கிறது? கடன் ஆப்கள் கான்டாக்ட் பட்டியலையும் போட்டோக்களையும் எடுத்து வைத்து, தவணை தவறியவரின் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி அவமானப்படுத்தினார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகுதான் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, டிஜிட்டல் கடன் ஆப்கள் கான்டாக்ட், கால் லாக், ஃபைல்களைத் தொடக் கூடாது என்றது. 2023 மே 31 முதல் தனிநபர் கடன் ஆப்கள் கான்டாக்டையும் போட்டோவையும் எடுக்க பிளே ஸ்டோரும் தடை போட்டது. நீங்கள் கடன் கொடுக்கவில்லை என்றாலும் அந்த அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிபி படிக்க எஸ்எம்எஸ் அனுமதி தேவையில்லை, எஸ்எம்எஸ் ரிட்ரீவர் உங்களுக்கான செய்தியை மட்டும் எடுத்துத் தரும். ரீசார்ஜுக்கு ஒரு நம்பர் எடுக்க கான்டாக்ட் முழுவதும் தேவையில்லை. போனின் கான்டாக்ட் பிக்கரைத் திறந்தால் அவர் தேர்ந்தெடுத்த ஒன்று மட்டும் வரும். எடுத்து வைக்காத தகவலை யாராலும் உங்களிடமிருந்து திருட முடியாது.

எஸ்டிகே-க்களையும், அதாவது உங்கள் ஆப்புக்குள் சேர்க்கும் பிறரின் நிரல் தொகுப்புகளையும் பாருங்கள். நீங்கள் எழுதிய மேனிஃபெஸ்ட்டில் நான்கு அனுமதிதான் இருக்கும்; பில்டு ஆன பிறகு, எஸ்டிகே-க்களுடையதும் கலந்து வரும் மேனிஃபெஸ்ட்டைத் திறந்து பாருங்கள், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவிலேயே 'மெர்ஜ்டு மேனிஃபெஸ்ட்' என்ற தாவல் இருக்கிறது. தேவையில்லாததை அங்கேயே நீக்கும் வழி உண்டு. 2023 மே மாதம் டாக்டர் வெப் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் கண்டுபிடித்த ஸ்பின்ஓகே, விளம்பர எஸ்டிகே போல 101 ஆப்களுக்குள் இருந்தது; அந்த ஆப்கள் 42 கோடிக்கும் மேல் பதிவிறக்கப்பட்டிருந்தன. தினசரிப் பரிசு, மினி கேம் என்று உங்கள் காயின் பக்கம் போலவேதான் அது வெளியே தெரிந்தது. உள்ளே போனில் இருந்த ஃபைல்களை எடுத்துக்கொண்டிருந்தது.

வெளியிடும் முன் ஒரு சோதனை முறையைச் சொல்கிறேன். ஒரு சோதனை போனில் ஆட்டோ கிளிக்கரைப் போட்டு, பணம் அனுப்பும் பட்டனை இரவு முழுக்கத் தட்ட விடுங்கள். காலையில் சர்வரில் ஒரு பரிமாற்றம்கூட முடிந்திருக்கக் கூடாது. அடுத்து அதே பில்டை, அன்றாடம் டாக்பேக் பயன்படுத்தும் பார்வையற்றவர் ஒருவரிடம் சம்பளம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நாம் செய்து பார்ப்பது அதற்கு ஈடாகாது, அவர்களின் வேகமும் பழக்கமும் நமக்கு வராது. அவர் யார் உதவியும் இல்லாமல் ஒரு புதுப் பெறுபவரைச் சேர்த்து, பணம் அனுப்பி, ரசீதைக் கேட்டு முடிக்க வேண்டும். இரண்டு சோதனையும் தேறிய பில்டு மட்டும் வெளியே போகட்டும்.

கடைசியாக, பணத்தை இழந்த உங்கள் வாடிக்கையாளர். அவர் இன்னும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் புகார் சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லச் செய்யுங்கள், வேறொரு போனிலிருந்து. அவருடைய போனில் நெட்டை நிறுத்தி, ஃபேக்டரி ரீசெட் செய்யும்வரை அதில் எந்தப் பாஸ்வேர்டும் போட வேண்டாம். 'நீங்கள்தான் அனுமதி கொடுத்தீர்கள்' என்று மட்டும் அவருக்குப் பதில் எழுதிவிடாதீர்கள். வாலட்டுகளில் அங்கீகரிக்கப்படாத பரிமாற்றம் நடந்தால் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி 2019 ஜனவரி 4 அன்று சுற்றறிக்கை விட்டது. அதில் பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமையை வாலட் நிறுவனத்தின் மீது வைத்தது. அந்தக் கிளிக் எப்படி வந்தது, அப்போது எந்த சர்வீஸ் ஓடியது, பெறுபவர் எப்போது சேர்க்கப்பட்டார் என்ற பதிவு உங்கள் சர்வரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பதிவுகளை எடுக்கும் வேலையைத் தொடங்குங்கள்.